அடிக்குறிப்பு வேண்டாம் என்ற நாயகி டீச்சர்

டீச்சரின் பக்கத்து வீட்டு ரஹ்மத் வந்து சொன்னபோது நான் செய்தித்தாளில் ஓர் அச்சுப்பிழையைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டிருந்தேன். அவள் எப்போதும் வெளியிலிருந்தே குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். அன்று பேசாமல் வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"டீச்சர் மவுத்தாயிட்டாங்கம்மா. காலையில கிளாசுக்கு வந்த புள்ளைங்க கதவத் தட்டித் தட்டிப் பாத்துட்டு என்னக் கூப்புட்டுச்சுங்க. நாற்காலியில உக்காந்த மேனிக்கே இருக்காங்க" என்றாள்.

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கான்வென்ட்டில் மதர்கள் எங்களுக்கு எத்தனையோ கற்றுக்கொடுத்தார்கள். இதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

நம் வாசகர் வட்டத்தின் செயலாளர் இந்தக் கட்டுரையைக் கேட்டபோது, 'இயற்கை எய்தினார்' என்று தொடங்கலாமே என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். தன் இன்ஸ்டிடியூட்டில் எத்தனையோ கருமாதிப் பத்திரிகைகளுக்குக் கைப்பிரதி தயாரித்துக் கொடுத்தவர் நாயகி டீச்சர். அவற்றில் வரும் சொற்களைப் பார்த்து ஒருமுறை என்னிடம் சொன்னார்: "செத்துப்போனாருன்னு போட்டா குளிருதுங்க. அதான் ஆளுக்கொரு துணியக் கொண்டாந்து போத்துறாங்க." அவர் யாருக்கும் துணி போர்த்தியதில்லை. ஆனால் அந்தச் சொல்லை ஒரே ஒருவர் விஷயத்தில் மட்டும் கடைசிவரை அவர் வாயில் வரவிடவில்லை. நான் எழுதப்போவது அதைப் பற்றித்தான்.

எங்கள் அறிமுகமே அந்தச் சொல்லில்தான் தொடங்கியது. என் கணவர் அரியலூரில் சிமெண்ட் ஆலையில் இன்ஜினியராக இருந்தவர். அவர் இறந்த பிறகு ஒரு மனுவை ஆங்கிலத்தில் எழுதி, டைப் அடித்து வாங்க ஸ்டேஷன் ரோட்டில் இருந்த தையல்நாயகி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனேன். என் வயதை ஒத்த பெண்மணி, பெரிய குங்குமப் பொட்டு, மஞ்சள் பூசிய முகம். பக்கம் சுத்தமாக வந்தது. ஆனால் ஆங்கிலத்தில் 'லேட்', அதாவது காலஞ்சென்ற என் கணவர் என்று நான் எழுதியிருந்த இடத்தில் 'என் கணவர்' என்று மட்டும் இருந்தது. நான் சுட்டிக்காட்டினேன். "நாலு எழுத்துதானுங்க. கை வரல" என்றார். வரத்தான் வேண்டும் என்றேன். புதுத்தாள் செருகி முழுப் பக்கத்தையும் திரும்ப அடித்துக் கொடுத்தார். அடிக்கும்போது அந்த ஒரு சொல்லில் மட்டும் விரல்களைப் பார்த்தார். தன் மாணவிகளிடம் "விரலப் பாக்காதீங்கடி, பாத்தா பயம் வந்துரும்" என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. அவருடைய கணவர் ராமலிங்கம் உடையார்பாளையத்தில் பத்திரம் எழுதுகிறவர். ஓர் ஆடி மாதம், உறவில் காதுகுத்துக்காகக் கொள்ளிடத்தைக் கடக்கும்போது வெள்ளத்தில் படகு கவிழ்ந்தது. மற்ற எல்லாரும் உயிரோடோ பிணமாகவோ கிடைத்தார்கள். அவர் மட்டும் கிடைக்கவில்லை. "எம்புள்ள நீச்சத் தெரிஞ்சவன்" என்று சொல்லி, தினமும் காலையில் மருமகளைக் கிணற்றடியில் உட்காரவைத்துத் தன் கையாலேயே பொட்டு வைத்துவிட்டாராம் மாமியார். அந்த அம்மாள் இறந்த பிறகு நாயகி டீச்சர் அரியலூருக்கு வந்து, டைப் கற்று, அந்த இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கினார். முன்னறையில் மெஷின்கள், பின்னறையில் அவர். பொட்டு மட்டும் மாறவில்லை. அதை அவரே வைத்துக்கொண்டார்.

அவர் வாசலை அறிந்தவர்களுக்கு அந்த ஆண் செருப்பு நினைவிருக்கும். மாணவிகளின் செருப்புகள் ஒரு குவியலாகக் கிடக்க, படிக்கு இடப்பக்கம் தனியாக ஒரு ஜோடித் தோல் செருப்பு. ராமலிங்கத்தின் செருப்பு அவரோடு ஆற்றில் போய்விட்டது. இது பிற்பாடு வாங்கியது. தனியாக இருக்கும் பெண்ணின் வாசலில் ஆம்பளைச் செருப்பு ஒன்று கிடந்தால் போகிறவன் வருகிறவன் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டான் என்று வீட்டுக்காரம்மா சொல்லிக்கொடுத்த உபாயம். நம் ஊரில் பலரும் செய்வதுதான். ஆனால் அதைக் கணவரின் அளவுக்கே பார்த்து வாங்கினார். வெடித்தால் மாற்றினார். "போடாத செருப்புதான் சீக்கிரம் வெடிக்குதுங்க, இன்ஜினியரம்மா" என்பார்.

இப்போது அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். ஆலையில் ஓர் இயந்திரம் பூட்ட வந்த ஜப்பானியர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது என் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போன புத்தகம் அது. ஜப்பானியப் பேய்க்கதைகள், ஆங்கிலத்தில். என் கணவர் அதைத் திறக்கவில்லை. அவர் போன பிறகு அலமாரியைத் துடைத்தபோது எடுத்து, ஒரே மூச்சில் படித்தேன். பேய் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆனால் படித்து முடித்த பிறகு சமையலறை விளக்கை அணைக்கத் தயங்கினேன். நான் தயங்குகிறவள் அல்ல. அதனால் நாயகி டீச்சரிடம் சொன்னேன். "படிங்க, கேப்போம்" என்றார்.

மத்தியான வகுப்புக்கும் சாயங்கால வகுப்புக்கும் இடையில், மெஷின்களுக்கெல்லாம் உறை போட்ட பிறகு, நான் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் படித்துப் பொருள் சொல்வேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தமிழில் எழுதுவார். நான் சொன்ன தமிழை அவர் ஒருபோதும் அப்படியே எடுத்துக்கொண்டதில்லை. "இது கான்வென்ட் தமிழுங்க, கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணியிருக்கு" என்பார். என்னிடம் அப்படிப் பேசிய ஒரே ஆள் அவர். அவர் எழுதியதை வாசித்துப் பார்த்தால் அவர் செய்தது சரியாக இருக்கும். அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு நாள் ஆகும்.

தொகுப்பின் ஏழாவது கதை செருப்புக் கதை. கடலோர ஊரில் ஒரு பெண். மீன் பிடிக்கப்போன கணவன் திரும்பவில்லை. ஜப்பானில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குள் ஏறுகிறவர்கள் செருப்பை உள்ளே பார்த்தபடி கழற்றுவார்கள். வீட்டுப் பெண் அதைத் திருப்பி வெளியே பார்த்தபடி வைப்பாள். மறுநாள் புறப்படுகிறவர் அப்படியே காலை நுழைத்துக்கொண்டு போகலாம். இந்தப் பெண், போனவனின் இன்னொரு ஜோடியை வாசலில் வெளியே பார்த்தபடி வைத்திருக்கிறாள். ஊரார் ஒவ்வொருவராக அவனை மறக்கிறார்கள். ஒரு காலை அவள் கதவைத் திறக்கிறாள். செருப்பு உள்ளே பார்த்தபடி இருக்கிறது. ஈரமில்லை, மணல் இல்லை. அவள் திரும்பி, இருட்டாக இருக்கும் தன் வீட்டைப் பார்க்கிறாள். கதை அங்கே முடிகிறது.

நான் படித்து நிறுத்தியதும் நாயகி டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை. "நம்மூருல எல்லாச் செருப்பும் உள்ள பாத்துதானேங்க கெடக்கும்" என்றார்.

அதைத்தான் நானும் சொல்லவந்தேன். நம் ஆட்கள் செருப்பை உதறியபடி விட்டுவிட்டு உள்ளே போகிறவர்கள். உள்ளே பார்த்த செருப்பில் அவர்களுக்கு என்ன திகில் இருக்க முடியும்? ஆகவே பக்கத்தின் கீழே ஓர் அடிக்குறிப்பு போட்டு அந்த வழக்கத்தை விளக்க வேண்டும் என்றேன். வேண்டாம் என்றார். வாசகரைப் புரியாமல் விடுவது மொழிபெயர்ப்பாளரின் குற்றம் என்றேன். மற்ற கதைகளுக்கு நான் சொன்ன குறிப்புகளையெல்லாம் போட்டவர், இதற்கு மட்டும் அசையவில்லை. கடைசியில் சொன்னார்:

"குறிப்பப் போட்டீங்கன்னா வந்தது பேய்ங்க. போடாம வுட்டா வந்தது அவருங்க. வுட்டுருங்களேன்."

நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிர்த்துப் பேச என்னால் முடியவில்லை. அடிக்குறிப்பு இல்லாமலே ஸ்டென்சில் வெட்டப்பட்டது. சைக்ளோஸ்டைல் செய்து, அவர் கையாலேயே நூல் கோத்துத் தைத்து, வட்டத்து உறுப்பினர்களுக்கு அரியலூரிலும் பெரம்பலூரிலும் சுற்றுக்கு விட்டோம்.

அந்தப் பிரதிகள் திரும்பி வந்தபோது கூட வந்த கருத்துகளை நினைத்தால் இன்றும் எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வருகிறது. கிணற்றுக் கதை ஒன்று உண்டு: மருமகள் நீர் இறைக்கிறாள், வாளி மேலே வருகிறது, கயிறு நனையாமல் உலர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பெரம்பலூர்க்காரர் ஒருவர், "இது பேய்க்கதையா? எங்கூருல வருசா வருசம் நடக்குது" என்று எழுதி அனுப்பினார். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், பயமுறுத்தும் என்று எதிர்பார்த்துப் பகலில் படித்ததாகவும், ஏமாந்து போய் ராத்திரியிலும் படித்துப் பார்த்ததாகவும் சொன்னார். ஆனால் நாயகி டீச்சர் யாரிடமும் புத்தகம் பிடித்திருந்ததா என்று கேட்கவில்லை. பிரதியைத் திருப்பி வாங்கும்போது ஒரே கேள்விதான் கேட்டார்: "செருப்பத் திருப்புனது யாரு?"

"எங்க வூட்டுப் பூனை போதும் அதுக்கு" என்றார் போஸ்ட்மாஸ்டர். அவர் போனபிறகு, "பூனை ரெண்டையும் ஒண்ணாத் திருப்புமா?" என்று என்னிடம் கேட்டார் டீச்சர். அவர் சிரிக்கவில்லை.

ரஹ்மத் அப்போதுதான் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்திருந்தாள். கணவர் சவுதியில். பிரதியைப் பாதியிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். "இது வேணாம் டீச்சர். அவரு செருப்பு கட்டிலுக்கு அடியில கெடக்கு. குனிஞ்சு கூட்டவே பயமா இருக்கு" என்றாள்.

"ஏம்மா, அவரு வந்துட்டாருன்னுதானே முடியுது?"

"அதான் டீச்சர் பயம். தந்தி இல்ல, கடுதாசி இல்ல, சத்தமில்லாம ஒருத்தர் வந்தா என்ன அர்த்தம்? அல்லா காப்பாத்தணும்."

எந்த அடிக்குறிப்பும் இல்லாமல் அந்தக் கதையைப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். நாயகி டீச்சர் பிரதியை வாங்கி அலமாரியில் வைத்தார். அன்று சாயங்கால வகுப்பை அவர் எடுக்கவில்லை.

பெரம்பலூர் வட்டத்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட அறையில் கூட்டம் வைத்து எங்களை அழைத்தார்கள். அங்கே நாயகி டீச்சர் நின்றுகொண்டு செருப்புக் கதையை முழுதாக வாசித்தார். பிறகு அதே கேள்வி. ஒருவர்கூட யோசிக்கவில்லை. அவர் வந்துட்டாரு, வேற யாரு என்றார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவர், "கதை நல்லபடியாத்தாங்க முடியுது. ஆனா அட்டையில பேய்க்கதைன்னு போட்டு ஏமாத்திப்புட்டீங்க" என்றார். அறை முழுவதும் சிரிப்பு. நான் ஜப்பானிய வழக்கத்தை விளக்குவதற்காக எழுந்தேன். நாயகி டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்து, கெஞ்சுகிறவர்போல் அழுத்தினார். யார் சொல்லியும் உட்காராத நான் உட்கார்ந்துவிட்டேன். ஓர் அறை நிறைய மனிதர்கள் ஒரே குரலில் 'வந்துட்டாரு' என்று சொல்லி அவர் கேட்டது அன்றுதான். இதற்காகத்தான் அந்தப் புத்தகத்தையே தமிழில் கொண்டுவந்தார் என்று எனக்கு அப்போது விளங்கியது.

திரும்பும்போது பஸ்ஸில் என்னைக் கேட்டார். "நீங்க இன்னும் பதில் சொல்லல, இன்ஜினியரம்மா."

நான் பொய் சொல்லப் பழகவில்லை. "அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். அவளேதான் திருப்பியிருப்பாள். திருப்பியது அவளுக்கே நினைவில் இருக்காது" என்றேன்.

"அப்ப, அவளுக்கு யாருமே இல்லைங்கிறீங்க" என்றார்.

"ஆமாம்."

அதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. அந்தக் கதைக்கு அதுவே சரியான பதில்.

ஆனால் அந்தக் கூட்டத்தால் வேறொன்று நடந்தது. கலையும்போது ஒரு பெண் அவரைத் தனியே அழைத்து, ஆற்றில் போய் நினைவு தப்பியவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் சிறுவாச்சூர்க் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். அந்தக் கோயில் திறப்பது திங்களும் வெள்ளியும்தான். அந்த வார வெள்ளிக்கிழமை என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். புளிச்சோறு கட்டியிருந்தார். புதுப் பட்டுச்சேலை.

அந்த ஆள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். தாடியை விலக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. உயரமே வேறு. எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாதா? ஆனாலும் எதிரே உட்கார்ந்து, வாழையிலையைப் பிரித்து வைத்து, மெதுவாகக் கேட்டார்: "ஆத்துல போனது நீங்கதானா? உடையார்பாளையம் ராமலிங்கமா?"

அவன் சோற்றைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். "தெனம் சோறு போடுறதா இருந்தா, நாந்தான்" என்றான்.

நாயகி டீச்சர் சிரித்துவிட்டார். பஸ் ஏறும்வரை சிரித்தார். "பாத்தீங்களா, எம்புட்டு நேர்மையான ஆளு" என்றார். பஸ் கிளம்பிய பிறகு சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. என் கணவர் இறந்தபோது நான் அழுததுகூட அப்படி இல்லை. எனக்கு அழுவதற்கு ஓர் உடல் இருந்தது.

இந்த விஷயம் உடையார்பாளையத்துக்கு எட்டிவிட்டது. ராமலிங்கத்தின் தம்பி மாணிக்கம் முந்திரி வியாபாரி. கோபத்தோடுதான் வந்தார். காணாமற்போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆனவருக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து கொள்ளி வைத்து, காரியம் முடித்து, பெண்சாதியின் தாலியை வாங்கிவிடுவது அவர்கள் வழக்கம். அந்தக் கெடு எப்போதோ கடந்துவிட்டது. கோயில் வாசலில் பிச்சைக்காரனிடம் போய் நீதானா என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டதே என்றார். பேசப்பேசக் கோபம் போய்விட்டது. "நானும்தான் அண்ணன்கூடப் பொறந்தவன், அண்ணி. அமாவாசைக்கு எங்கண்ணனுக்கு ஒரு கை எள்ளுந் தண்ணியும் எறைக்க முடியல. இருக்காருன்னு சொல்றதா, இல்லன்னு சொல்றதா? எனக்கும் ஒரு முடிவு வேணாமா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

நாயகி டீச்சர் அவருக்குக் காபி கொடுத்தார். "நான் இருக்கறவரைக்கும் வேணாம், தம்பி" என்றார்.

மாணிக்கம் காபியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். "சரி. நீங்க இருக்கறவரைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாக்கை அவர் ஓர் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினார். டீச்சர் இறந்த அன்று அவர் காரில் வந்து இறங்கியபோது, பின்சீட்டில் ஒரு கட்டுத் தர்ப்பைப்புல் இருந்தது.

அவர் எண்ணம் இதுதான்: முதலில் அண்ணனுக்குக் கொள்ளி. பிறகு அண்ணியின் கழுத்திலிருந்து தாலியை வாங்கிவிட்டு, பூவையும் பொட்டையும் நீக்கி, அவர் உடலை எடுப்பது. "சொன்ன சொல்ல நான் மீறலைங்க. அவங்க இருந்தவரைக்கும் செய்யல" என்று எல்லாரிடமும் சொன்னார். உண்மைதான். யாரும் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. சடங்கு செய்ய வந்தவர் கொல்லையில் உட்கார்ந்து புல்லைத் திரித்து ஓர் ஆள் உருவம் கட்டத் தொடங்கினார். முன்னறையில் மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நடுவில் நாயகி டீச்சரைக் கிடத்தியிருந்தார்கள். காலையில் தானே வைத்துக்கொண்ட பொட்டு அப்படியே இருந்தது. வாழ்நாளெல்லாம் ஆகாமல் இருந்த விதவையாக அவரைச் செத்தபிறகு ஆக்கப்போகிறார்கள். ஜப்பானியர் எவரும் இப்படி ஒரு கதை எழுதியிருக்க மாட்டார்.

வட்டத்து நண்பர்கள் வெளியே நின்றார்கள். போஸ்ட்மாஸ்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நாங்கள் யாரும் உறவில்லை. எங்களுக்கு அங்கே சொல் இல்லை. ரஹ்மத் தன் வீட்டு வாசலிலிருந்து முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

உருவம் கட்டி முடிந்தது. சுமங்கலிப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக அறையைவிட்டு விலகினார்கள். தாலியை வாங்குவது கைம்பெண்களின் வேலை. மற்றவர்கள் பார்க்கவும் கூடாது. உள்ளே மிஞ்சியது இரண்டு பேர். ஒருவர் மாணிக்கத்தின் அத்தை, கண் மங்கிய முதியவர். இன்னொருவர் நான்.

அத்தை என் பக்கம் தடவிப் பார்த்தார். "எனக்குக் கண்ணு தெரியலம்மா. கை நடுங்குது. நீங்களே வாங்கிருங்க" என்றார். வாசலில் நின்ற மாணிக்கமும், "செஞ்சுருங்கம்மா. அவங்களுக்கு உங்க கைதான் பிடிக்கும்" என்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

நான் அருகில் போய் உட்கார்ந்தேன். மஞ்சள் கயிற்றைத் தொட்டேன். அது ஈரமாக இருந்தது; காலையில் மஞ்சள் பூசிக் குளித்திருக்கிறார். அவளுக்கு யாருமே இல்லையா என்று பஸ்ஸில் கேட்டவர் அவர். ஆமாம் என்று சொன்னவள் நான். கயிற்றை விட்டுவிட்டு எழுந்து, மாணிக்கத்தைத் தாண்டி வாசலுக்கு வந்தேன். படியின் இடப்பக்கம் அந்த ஜோடி கிடந்தது.

"இது யார் செருப்பு?" என்று கேட்டேன்.

எல்லாரும் படியைப் பார்த்தார்கள்.

"ஆம்பளைச் செருப்பு. உள்ளே பார்த்துக் கிடக்கு. வீட்டில் ஆம்பளை இருக்கார்னுதானே இந்த ஊரில் அதற்கு அர்த்தம்? அவர் உள்ளே இருக்கும்போது என்னைத் தாலி வாங்கச் சொல்கிறீர்களா? நான் வாங்க மாட்டேன்."

மாணிக்கம் செருப்பைப் பார்த்தார். அவரும் சைக்ளோஸ்டைல் பிரதியைப் படித்தவர்தான். "பொய்யிங்கம்மா அது" என்றார். "அப்ப எங்கண்ணன நான் எப்பத்தான் எரிக்கிறது?"

பதில் உள்ளேயிருந்து வந்தது. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "ஏண்டா மாணிக்கம், ரெண்டு பேரையும் ஒண்ணா வையேன்டா. ஒரே கட்டையில வச்சு ஒரே கொள்ளியப் போடு. யாரு முந்தி யாரு பிந்தின்னு தீயி கேக்குமா?"

சடங்கு செய்ய வந்தவர், சாத்திரத்தில் அதற்கு இடமில்லை என்று ஆரம்பித்தார். "இத்தன வருசம் ஒஞ் சாத்திரம் எந்த ஆத்தங்கரையில ஒக்காந்திருந்துச்சு?" என்றார் அத்தை. வெளியே யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். போஸ்ட்மாஸ்டராகத்தான் இருக்கும். மாணிக்கம் படியில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்து வெகுநேரம் அழுதார். பிறகு எழுந்து கொல்லைக்குப் போய், புல் உருவத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். விலகிப்போன பெண்கள் மஞ்சளோடும் பூவோடும் திரும்பி வந்தார்கள். நான் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன். அங்கே என் கை படக்கூடாது.

நாயகி டீச்சர் பொட்டோடு போனார். பக்கத்தில் வேட்டி சுற்றிய அந்தப் புல் உருவம். காய்ந்த புல் முதலில் பிடித்துக்கொண்டது. மனம் ஆறிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. ஒரு மனுஷி தன் ஆயுளை முழுவதும் கொடுத்துக் காத்திருந்ததற்குக் கடைசியில் கிடைத்தது ஒரு கட்டுப் புல். இதை நான் நல்ல முடிவு என்று எழுத மாட்டேன். பெரம்பலூர்க்காரர்கள் வேண்டுமானால் சொல்லட்டும்.

மெஷின்களை மாணிக்கம் மாணவிகளுக்கே கொடுத்துவிட்டார். பிரதிகள் வட்டத்தின் அலமாரியில் இருக்கின்றன. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். செருப்பைக் கேட்டேன். அவர் துடைத்துக் கொடுத்தார்.

இப்போது அவை என் வாசலில் இருக்கின்றன. என் கணவர் இறந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். எரித்த இடம் எனக்குத் தெரியும். திரும்பி வருவதற்கு எனக்கு யாரும் இல்லை. ஆனாலும் கதவைத் தாழிடும் முன் அந்தச் செருப்பை ஜப்பானிய முறைப்படி வெளியே பார்த்தபடி திருப்பி வைக்கிறேன். காலையில் கதவைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். நேற்றுக் காலை அவை எந்தப் பக்கம் பார்த்திருந்தன என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு அடிக்குறிப்பும் கிடையாது.